மடை திறக்கும் முன் வரப்பைப் பாருங்கள்

மாணவர்களே, ஒரு மென்பொருளை நிறுவ எவ்வளவு நேரம் ஆகும்? "பொத்தானை அழுத்த வேண்டியதுதானே, ஒரு நிமிடம்" என்பீர்கள். கைப்பேசியில் பழகிய விரல்களுக்கு அது சரியான பதில்தான். ஆனால் அந்தக் கைப்பேசிச் செயலிக்குப் பின்னால், எங்கோ ஒரு தரவு மையத்தில் நூற்றுக்கணக்கான கணினிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் மென்பொருளை நிறுவுபவர்களைக் கேட்டுப் பாருங்கள். "நிறுவுவதற்கு ஒரே வரிதான், அதற்குத் தயார் செய்யத்தான் அரை நாள் போய்விடும்" என்பார்கள்.

அந்த அரை நாளில்தான் உண்மையான கல்வி இருக்கிறது என்பது என் கருத்து. அந்தக் கல்வி பெரும்பாலும் நம் மாணவர்களின் கைக்கு எட்டுவதில்லை என்பது என் கவலை.

மேகம் வானத்தில் இல்லை

"மேகக் கணினி" என்றதும் எங்கோ அமெரிக்காவில் நடக்கும் விவகாரம் என்று நினைக்காதீர்கள். 2024 ஆகஸ்டு மாதம் அமேசான் நிறுவனம் மலேசியாவிலேயே தன் மேகக் கணினி வட்டாரத்தைத் திறந்தது. 2025 மே மாதம் மைக்ரோசாஃப்ட் திறந்தது. கூகுள் நிறுவனம் இங்கே 200 கோடி அமெரிக்க டாலர் முதலீடு செய்யப்போவதாக 2024 மே மாதம் அறிவித்தது. ஜொகூர் மாநிலத்தில் கூலாய், செடேனாக் பக்கம் போனால், செம்பனைத் தோட்டங்களை ஒட்டியே பெரிய பெரிய தரவு மையக் கட்டடங்கள் எழுந்து நிற்பதைப் பார்க்கலாம்.

நம் தாத்தா பாட்டிகள் கிரியான் மாவட்டத்துக்கு வந்தது கரும்புத் தோட்டங்களிலும் ரப்பர் தோட்டங்களிலும் வேலை செய்ய. வெட்டியதும் சீவியதும் அவர்கள். கணக்குப் புத்தகம் வேறொருவர் கையில் இருந்தது. இந்தப் புதிய "தோட்டங்களில்" நம் பிள்ளைகளுக்கு எந்த வேலை கிடைக்கப்போகிறது? வாயிற்காவலும் துப்புரவும் மட்டும்தானா, உள்ளே இருக்கும் கணினிகளை இயக்கும் வேலையும் கிடைக்குமா? எந்த உழைப்பும் இழிவானதல்ல. ஆனால் தேர்ந்தெடுக்கும் உரிமை நம்மிடம் இருக்க வேண்டும். அந்த உரிமைக்கான முதல் கதவு ஒரு கறுப்புத் திரை. அதன் பெயர் கட்டளை முனையம்.

சேவை வலைப்பின்னல் என்றால் என்ன?

அந்தக் கறுப்புத் திரையில் இன்று பொறியாளர்கள் செய்யும் வேலைகளில் ஒன்றை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அதற்கு ஆங்கிலத்தில் "சர்வீஸ் மெஷ்" என்று பெயர். தமிழில் சேவை வலைப்பின்னல் எனலாம்.

இணையத்தில் பொருள் வாங்கும் ஒரு செயலியைத் திறக்கிறீர்கள். உங்கள் கடவுச்சொல்லைச் சரிபார்க்க ஒரு சிறு நிரல். பொருளைத் தேட இன்னொன்று. விலை சொல்ல, பணம் வாங்க, பொட்டலம் எங்கே வருகிறது என்று காட்ட ஒவ்வொன்று. முன்பெல்லாம் இவை அனைத்தும் ஒரே பெரிய நிரலாக இருந்தன. இப்போது தனித்தனிச் சேவைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு "கொள்கலத்தில்" அடைத்து ஓடவிடுகிறார்கள். கொள்கலங்களை மேய்க்கும் மென்பொருளின் பெயர் குபெர்னெட்டிஸ். கூகுள் நிறுவனம் 2014-இல் வெளியிட்டது. கிரேக்க மொழியில் அதற்குச் சுக்கான் பிடிப்பவர் என்று பொருள்.

இந்தச் சேவைகள் ஒன்றோடொன்று ஓயாமல் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பேச்சை யாரும் ஒட்டுக்கேட்கக் கூடாது. ஒரு சேவை பதில் தராவிட்டால் மறுபடி கேட்க வேண்டும். எங்கே தாமதம் என்று தெரிய வேண்டும். இந்தப் பொறுப்பை ஒவ்வொரு சேவையின் நிரலிலும் எழுதாமல், பொதுவாக ஒரு வலைப்பின்னலிடம் ஒப்படைப்பதே சேவை வலைப்பின்னல். 2016-இல் லிங்கர்டி வந்தது. 2017 மே மாதம் கூகுள், ஐ.பி.எம்., லிஃப்ட் ஆகிய மூன்று நிறுவனங்கள் சேர்ந்து இஸ்தியோ என்ற மென்பொருளை அறிவித்தன. இஸ்தியோ என்பதும் கிரேக்கச் சொல்தான். கப்பலின் பாய் என்று பொருள்.

பாகான் செராய்க்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. புக்கிட் மேரா ஏரியிலிருந்து நம் வயல்களுக்கு வரும் கால்வாய்களைப் பாருங்கள். 1906-இல் செயல்படத் தொடங்கிய கிரியான் நீர்ப்பாசனத் திட்டம் அது. ஏரியில் தண்ணீர் இருந்தால் மட்டும் போதாது. எந்தக் கால்வாய்க்கு எவ்வளவு, எந்த வயலுக்கு எப்போது என்று மதகுகளும் மடைகளும் முறைப்படுத்த வேண்டும். சேவை வலைப்பின்னலும் அப்படித்தான். ஒவ்வொரு சேவையின் வாயிலிலும் ஒரு சிறு மடை. எல்லா மடைகளுக்கும் உத்தரவு போகும் இடம் ஒன்று. மடைகளின் தொகுதியைத் தரவுத் தளம் என்றும், உத்தரவு இடும் பகுதியைக் கட்டுப்பாட்டுத் தளம் என்றும் சொல்வார்கள்.

அந்த அரை நாளில் என்னதான் செய்கிறார்கள்?

வரப்பு கட்டாத வயலுக்கு மடை திறந்தால் என்ன ஆகும் என்று உங்கள் ஊர் விவசாயியிடம் கேளுங்கள். இந்த மடைகளை நிறுவுவதற்கு முன்னும் வரப்பைப் பார்க்க வேண்டும். வேதியியல் கூடத்தில் நீங்கள் செய்வதும் இதுவே. தரம்பார்த்தல் சோதனைக்கு முன் பியூரெட்டை வெறும் தண்ணீரில் கழுவினால் போதாது. அதில் ஊற்றப்போகும் அமிலத்தாலேயே ஒருமுறை அலச வேண்டும். கூம்புக் குடுவையையோ காய்ச்சி வடித்த நீரால் மட்டுமே அலச வேண்டும். ஏன் இந்த வேறுபாடு என்று புரிந்த மாணவருக்கு, கணினிச் சூழலைத் தயார் செய்வது ஏன் என்பதும் புரியும். பொறியாளர்கள் பார்க்கும் வரப்புகள் ஆறு.

முதலாவது, நான் எங்கே நிற்கிறேன்? முனையத்தில் "ஹோஸ்ட்நேம்" என்று தட்டினால் எந்தக் கணினியில் இருக்கிறீர்கள் என்று சொல்லும். "ஹூ ஆம் ஐ" என்ற மூன்று சொற்களை இடைவெளி இல்லாமல் தட்டினால் எந்தப் பயனராக இருக்கிறீர்கள் என்று சொல்லும். பி, டபிள்யூ, டி என்ற மூன்று எழுத்தைத் தட்டினால் எந்தக் கோப்புறையில் நிற்கிறீர்கள் என்று சொல்லும்.

இரண்டாவது, கருவிகள் இருக்கின்றனவா, எந்தப் பதிப்பு? குபெர்னெட்டிஸுடன் பேச "குபெக்டல்" வேண்டும். இணையத்திலிருந்து கோப்பு இறக்கக் "கர்ல்", நிரல்களின் வரலாற்றைக் காக்கக் "கிட்", தரவைப் பிரித்துப் படிக்க "ஜே.கியூ." எனச் சில கருவிகள் வேண்டும். ஒவ்வொன்றிடமும் அதன் பதிப்பு எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். ஏனென்றால் குபெக்டலின் பதிப்பு, அது பேசப்போகும் குபெர்னெட்டிஸின் பதிப்பிலிருந்து ஒரு படிக்கு மேல் முன்னேயும் போகக் கூடாது, பின்னேயும் போகக் கூடாது என்பது விதி. இஸ்தியோவின் ஒவ்வொரு பதிப்பும் குறிப்பிட்ட சில குபெர்னெட்டிஸ் பதிப்புகளோடு மட்டுமே ஒத்துப்போகும்.

மூன்றாவது, பாதை. ஒரு கருவி கணினியில் இருந்தாலும், அது எந்த அலமாரியில் இருக்கிறது என்று முனையத்துக்குத் தெரிய வேண்டும். தேட வேண்டிய அலமாரிகளின் பட்டியலுக்குப் "பாத்" என்று பெயர். அதில் இல்லாத கோப்புறையில் கருவியை வைத்துவிட்டால், கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான்.

நான்காவது, இறக்கிய கோப்பு அசல்தானா? பெரிய மென்பொருள் திட்டங்கள் தங்கள் கோப்புகளுடன் "எஸ்.எச்.ஏ.-256" என்ற கைரேகையையும் வெளியிடுகின்றன. அது 64 எழுத்துகளும் எண்களும் கொண்ட ஒரு சரம். கோப்பில் ஒரே ஓர் எழுத்து மாறினாலும் கைரேகை முழுவதும் மாறிவிடும். நீங்கள் இறக்கிய கோப்புக்கு உங்கள் கணினியிலேயே கைரேகை எடுத்து, அவர்கள் வெளியிட்டதோடு ஒப்பிட வேண்டும்.

ஐந்தாவது, அனுமதி. இந்த வேலையைச் செய்ய எனக்கு உரிமை இருக்கிறதா? தேவைக்கு மேல் உரிமை இருக்கிறதா? இரண்டையும் கேட்க வேண்டும். எல்லாச் சாவியும் என்னிடம் இருப்பது பெருமையல்ல, ஆபத்து.

ஆறாவது, ஒத்திகை. இஸ்தியோவில் "ப்ரீசெக்" என்றொரு கட்டளை உண்டு. அது எதையும் நிறுவாது. நிறுவினால் என்ன சிக்கல் வரும் என்று மட்டும் பார்த்துச் சொல்லும்.

இந்த ஆறும் முடிந்தபின்தான் அந்த ஒரே வரி.

பார்க்காததால் வந்த விலை

இதெல்லாம் அதிகப்படியான எச்சரிக்கை என்று தோன்றுகிறதா? உலகறிந்த மூன்று நிகழ்வுகளைச் சொல்கிறேன்.

2017 ஜனவரி 31. கிட்லேப் என்ற நிறுவனத்தில் ஒரு பொறியாளர் நெடுநேரமாக ஒரு கோளாற்றைச் சரிசெய்துகொண்டிருந்தார். துணைக் கணினியில் ஒரு கோப்புறையை அழிக்க நினைத்து, முதன்மைக் கணினியில் கட்டளையைத் தட்டிவிட்டார். ஓரிரு நொடிகளில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் ஏறக்குறைய 300 கிகாபைட் தரவில் 4.5 கிகாபைட்தான் மிஞ்சியது. காப்புப் பிரதி எடுக்கும் வழிகள் பல இருந்தும் அவை ஒழுங்காக வேலை செய்யவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. தற்செயலாக எடுத்து வைத்திருந்த ஒரு பிரதியால் பெரும்பகுதி மீண்டது. சுமார் 6 மணி நேரத் தரவு போனது போனதுதான். "நான் எங்கே நிற்கிறேன்" என்ற முதல் வரப்பு உடைந்ததன் விலை அது. அந்த நிறுவனம் நடந்ததை மறைக்காமல் உலகத்துக்குச் சொன்னது. அதுவும் அறிவியல் பண்புதான்.

அதே ஆண்டு பிப்ரவரி 28. அமேசான் மேகக் கணினியில், சில கணினிகளை மட்டும் நிறுத்த வேண்டிய கட்டளையில் ஒரு மதிப்பு தவறாகத் தட்டப்பட்டது. எண்ணியதைவிட அதிகமான கணினிகள் நின்றன. அவற்றை நம்பியிருந்த ஏராளமான இணையத்தளங்கள் ஏறக்குறைய 4 மணி நேரம் தடுமாறின. அந்தப் பொறியாளர் எழுதிவைத்த முறைப்படிதான் வேலை செய்தார். ஆனால் தவறான எண்ணைப் பார்த்ததும் "இது சரிதானா?" என்று கேட்கும் பாதுகாப்பு அந்தக் கருவியில் இல்லை. பிறகு அதைச் சேர்த்தார்கள்.

மூன்றாவது நிகழ்வு உங்களுக்கு ஊக்கம் தரும். 2024 மார்ச் மாதம் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். அரை நொடி! நீங்களும் நானும் கவனித்திருப்போமா? அவர் விடாமல் தோண்டினார். "எக்ஸ்.இசட்." என்ற, உலகெங்கும் பயன்படும் ஒரு சிறு மென்பொருளுக்குள் யாரோ திருட்டுக் கதவு வைத்திருந்தது தெரிந்தது. நல்ல பங்களிப்பாளராக நீண்ட காலம் நடித்து நம்பிக்கை பெற்ற ஒருவரின் வேலை அது. இங்கே கைரேகை ஒப்பிட்டாலும் கண்டுபிடித்திருக்க முடியாது. வெளியிட்ட கோப்பிலேயே நஞ்சு கலந்திருந்தது. காப்பாற்றியது கூர்ந்து நோக்கலும், "ஏன்?" என்ற கேள்வியும். இயற்பியல் கூடத்தில் ஊசல் ஆட்டத்துக்கு நேரம் எடுக்கும்போது நாங்கள் உங்களிடம் எதிர்பார்ப்பது அதையேதான்.

பிழைச் செய்தியைப் படியுங்கள்

வகுப்பில் நான் அடிக்கடி பார்ப்பது ஒன்று. கணினியில் ஏதாவது செய்தி தோன்றினால், அதைப் படிக்காமலேயே மூடும் பொத்தானைத் தேடுகிறது மாணவரின் கை. பிறகு, "சார், வேலை செய்யவில்லை" என்கிறார். "என்ன சொன்னது?" என்று கேட்டால் பதில் இல்லை.

கட்டளை முனையம் இந்தப் பழக்கத்தை மாற்றும். அது சுருக்கமாகவும் நேர்மையாகவும் பேசும். "கமாண்ட் நாட் ஃபவுண்ட்" என்றால் மூன்று காரணங்கள்தான்: எழுத்துப்பிழை, அல்லது கருவியே இல்லை, அல்லது கருவி இருந்தும் பாதையில் இல்லை. "பெர்மிஷன் டினைட்" என்றால் உரிமை இல்லை. "நோ சச் ஃபைல்" என்றால் நீங்கள் நிற்கும் கோப்புறையில் அந்தக் கோப்பு இல்லை. மூன்றுமே திட்டுகள் அல்ல, துப்புகள். கருதுகோள் அமைத்து, ஒன்றன்பின் ஒன்றாகச் சோதித்து, காரணத்தை அடைவதற்கு இதைவிட மலிவான ஆய்வுக்கூடம் இல்லை. உடையக் கண்ணாடிக் குடுவையும் கிடையாது, செலவாக அமிலமும் கிடையாது.

மூன்று மறுப்புகள்

"இப்போதுதான் செயற்கை நுண்ணறிவு கட்டளைகளை எழுதித் தருகிறதே, நாங்கள் ஏன் கற்க வேண்டும்?" என்று சிலர் கேட்பீர்கள். நல்ல கேள்வி. அது கட்டளையை எழுதித் தரும். ஆனால் நீங்கள் எந்தக் கணினியில் நிற்கிறீர்கள், அதில் அழியக் கூடாதது எது என்பதை நீங்கள் சொன்னால்தான் அதற்குத் தெரியும். மேலே சொன்ன கிட்லேப் நிகழ்வில் கட்டளை சரியானது, இடம்தான் தவறு. எழுதித் தருபவர் யாராக இருந்தாலும், தட்டும் விரல் உங்களுடையது. பொறுப்பும் உங்களுடையது.

"ஆங்கிலம் வராதே" என்பது இரண்டாவது. தமிழ்ப்பள்ளியில் அறிவியலைத் தமிழில் படித்துவிட்டு, இடைநிலைப்பள்ளியில் மலாய்க்கு மாறியவர்கள் நீங்கள். ஒரு மொழிமாற்றத்தைத் தாண்டிவிட்ட உங்களுக்கு முப்பது சிறு கட்டளைகள் பெரிய மலையல்ல. அவை முழு ஆங்கிலச் சொற்கள்கூட அல்ல. எல்.எஸ்., சி.பி., எம்.வி. என்ற ஈரெழுத்துச் சுருக்கங்களை ஆங்கிலேயப் பிள்ளையும் புதிதாகத்தான் மனப்பாடம் செய்கிறது. இன்னொன்று: இந்த மூன்றும் 1971-இல் வெளிவந்த யூனிக்ஸ் கையேட்டிலேயே இருக்கின்றன. கைப்பேசிச் செயலியின் முகம் ஆண்டுக்கு ஒருமுறை மாறுகிறது. இந்தக் கட்டளைகளோ ஐம்பது ஆண்டுகளைக் கடந்தும் அப்படியே வேலை செய்கின்றன. எது நிலைத்த கல்வி? தமிழில் படிக்க விரும்பினால் அதற்கும் வழியுண்டு. 2012 முதல் வெளிவரும் "கணியம்" என்ற இணைய இதழ் லினக்ஸ் உள்ளிட்ட கட்டற்ற மென்பொருள்களைத் தமிழிலேயே கற்றுத் தருகிறது. "முரசு அஞ்சல்" தந்த முத்து நெடுமாறன் நம் நாட்டவர். கணினிக்குத் தமிழ் கற்றுக்கொடுத்த மண் இது என்பதை மறக்காதீர்கள்.

"நல்ல கணினி இல்லையே" என்பது மூன்றாவது. இதுதான் உண்மையான தடை, இதை நான் லேசாகப் பேசமாட்டேன். ஆனால் ஒன்று சொல்கிறேன். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. புதிய விண்டோஸை ஏற்க முடியாத பழைய மடிக்கணினிகள் பல வீடுகளிலும் அலுவலகங்களிலும் மூலையில் கிடக்கின்றன. அவற்றில் இலவசமான லினக்ஸை நிறுவினால், கட்டளை முனையம் கற்க அவை தாராளமாகப் போதும். விண்டோஸ் 11 இருப்பவர்கள் அதற்குள்ளேயே லினக்ஸை ஓட்டலாம். குபெர்னெட்டிஸின் சிறு வடிவமான மினிகியூப், 2 செயலிக் கருக்கள், 2 கிகாபைட் நினைவகம், 20 கிகாபைட் இடம் இருந்தாலே ஓடத் தொடங்கும். இஸ்தியோவுக்கு அதைவிட நிறைய நினைவகம் வேண்டும். அது உடனே கிடைக்காவிட்டால் பரவாயில்லை. வலைப்பின்னலை நிறுவுவது உங்கள் இலக்கல்ல. வரப்பு பார்க்கக் கற்பதே இலக்கு.

என் வேண்டுகோள்

பள்ளிகளுக்கு: கணினிக் கழகத்தில் மாதம் ஒரு மணி நேரம் இந்தக் கறுப்புத் திரைக்கு ஒதுக்குங்கள். எஸ்.பி.எம். தேர்வில் கணினி அறிவியல் எடுத்தவர்களுக்கு மட்டும் என்று கதவைச் சாத்தாதீர்கள். கணக்கியல் படிப்பவருக்கும் வணிகம் படிப்பவருக்கும் இது உதவும். பழைய மடிக்கணினிகளைக் கழகத்துக்குத் தரும்படி முன்னாள் மாணவர்களிடமும் ஊர்க் கடைக்காரர்களிடமும் கேளுங்கள்.

பெற்றோருக்கு: பிள்ளை கறுப்புத் திரையில் எழுத்துகளைத் தட்டிக்கொண்டிருந்தால், ஏதோ கெடுதல் செய்கிறான் என்று பயந்து பிடுங்காதீர்கள். என்ன செய்கிறாய் என்று கேளுங்கள். சொல்லத் தெரிந்தால் அவன் கற்றுக்கொண்டிருக்கிறான்.

உங்களுக்கு, மாணவர்களே: ஒரு நோட்டுப்புத்தகம் எடுங்கள். இடப்பக்கம் நீங்கள் தட்டிய கட்டளை. வலப்பக்கம் கணினி சொன்ன பதில். கீழே, ஏன் அப்படிச் சொன்னது என்று உங்கள் ஊகம். புரியாத கட்டளையை இணையத்தில் கண்டு அப்படியே ஒட்டாதீர்கள். ஒவ்வொரு சொல்லும் என்ன செய்யும் என்று தெரிந்த பிறகே நுழைவு விசையை அழுத்துங்கள். வீட்டுக் கணினியில் பழகும்போது, அப்பா அம்மாவின் கோப்புகள் உள்ள கோப்புறையை விட்டு விலகி, தனியே ஒன்றை உருவாக்கிக்கொண்டு அதற்குள் விளையாடுங்கள். அதுவே உங்கள் முதல் வரப்பு.

இந்த வாரமே தொடங்கலாம். முனையத்தைத் திறந்து, நான் யார், எங்கே நிற்கிறேன், என்னிடம் என்ன கருவிகள் இருக்கின்றன என்ற மூன்று கேள்விகளைக் கேட்டு, விடைகளை நோட்டில் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து அந்த முதல் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தால், எவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள் என்று உங்களுக்கே தெரியும்.